பச்சை நின்ற இடம்

பக்கத்தில் ஒரு மனுஷனுக்கு அடி விழும்போது மெஷினின் புரோகிராமைப் படிப்பது எப்படி என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. கொல்லிமலையில், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைச் சீவுகிற ஓர் ஆலையில்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

நான் மலையில் பிறந்தவள். நாமக்கல்லுக்கு இறங்கி டிப்ளமோ முடித்து, பிறகு பிஎல்சி வகுப்புக்குப் போனேன். ஒரு மெஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுகிற பெட்டிதான் பிஎல்சி. அதன் புரோகிராம் ஏணி மாதிரி படிப்படியாக இருக்கும். லேப்டாப்பைச் சொருகினால் எல்லாம் சரியாக உள்ள இடம் வரை பச்சையாகத் தெரியும். பச்சை எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆரம்பத்தில் பச்சையைத் தேடாமல் ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் அடித்திருக்கிறேன், பெட்டியைக் குத்தி விரல் முட்டி பெயர்ந்திருக்கிறது.

ஆலை முதலாளி கீழேயிருந்து வந்தவர். ஆபரேட்டர் எங்கள் மலையிலேயே திருப்புலி நாடு என்கிற பகுதிக்காரர், எனக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. கிழங்கு உள்ளே இறங்குகிற வாய்க்குச் சற்று மேலே எதிரெதிராக இரண்டு சென்சார் கண்கள் இருந்தன. நடுவில் கை போனால் கத்தித் தட்டு நின்றுவிடும். கிழங்கு குவிந்து உயர்ந்தாலும் நிற்கும். வேலை கெடுகிறது, அந்தச் சனியனைக் கழற்றி எறி என்று முதலாளி நச்சரித்துக்கொண்டே இருந்தார். கழற்றினால் என்றைக்காவது ஒருத்தன் கை போய்விடும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் ஆகாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை மெஷின் ஓடவில்லை. லாரி நிறையக் கிழங்கு கிடந்தது. பிடுங்கிய கிழங்கு நாள்பட்டால் உள்ளே கறுத்துவிடும். அண்ணன்தான் வஞ்சம் வைத்து எதையோ செய்துவிட்டார் என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார். கோளாறு பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று நான் லேப்டாப்போடு போய்ச் சேர்ந்தபோது அடி ஆரம்பமாகியிருந்தது.

அறுந்த ஃபேன் பெல்ட் துண்டால் அடித்தார். தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று, பிறகு வாயிலேயே. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அண்ணன் கையை ஓங்கவே இல்லை. நான் எதையும் தொடவில்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சுமைக்காரர்கள் மரம் மாதிரி நின்றார்கள். நான் குறுக்கே பாய்ந்தேன். முதலாளி முழங்கையால் தள்ளியதில் என் தலை பேனல் கதவில் மோதிக் காது ரீங்கரித்தது.

"கோளாறு எங்கேன்னு கண்டுபுடிம்மா. இவன் வேலைன்னு தெரிஞ்சுது, இன்னைக்கே போலீஸ்ல குடுத்துப் போடறேன்."

கேபிளைச் சொருகினேன். பின்னால் பெல்ட் விழுகிற ஒவ்வொரு முறையும் என் கண் திரையை விட்டு ஓடியது. இழுத்துப் பிடித்துப் படித்தேன். ஸ்விட்ச் ஆட்டோவில் இருந்தது, பச்சை. மோட்டாரில் குறையில்லை, பச்சை. சென்சாரில் வந்து பச்சை நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தேன். சென்சாரின் கண் மேலேயே அப்பியிருந்தது சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு. முந்தின நாள் பூஜையில் ஒரு சாமான் விடாமல் பொட்டு வைத்தவர் முதலாளி. சந்தனத் தட்டை அவர் வேறு யார் கையிலும் தருவதில்லை. அட பாவி மனுஷா, இதற்கா ஒருத்தன் வாயைக் கிழித்தாய் என்று வயிறு எரிந்தது.

திரும்பினால், முதலாளி பெல்ட்டைப் போட்டுவிட்டு மெஷினின் பின்மூடியைக் கழற்றியிருந்தார். அண்ணன் உள்ளே எதைச் செருகி வைத்திருக்கிறார் என்று முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் சென்சார் கிடையாது. ஸ்விட்ச் இன்னும் ஆட்டோவிலேயே இருந்தது. சந்தனத்தைத் துடைத்தால் அந்த நொடியே கத்தித் தட்டு சுற்றும்.

என் கட்டைவிரல் சந்தனத்தின் மேல் இருந்தது. துடைத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது, சத்தியமாக. அந்தக் கை சீவல் சீவலாகக் கீழே விழுவதைப் பார்க்க வேண்டும் போல ஆத்திரம்.

அண்ணன் என் விரலைப் பார்த்தார். முதலாளியின் கையையும் பார்த்தார். வாயைப் பொத்தியபடியே ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அறைந்தார். இனி துடைத்தாலும் ஓடாது.

முதலாளி உள்ளே விட்ட கையை எடுக்காமலே அதற்கும் திட்டினார். நான் கத்திவிட்டேன். உன் சந்தனம்தான் கோளாறு, இப்போது நான் துடைத்திருந்தால் உன் கை போயிருக்கும் என்று நீ, வா, போ என்றே பேசினேன். அவர் சந்தனத்தைப் பார்த்தார். பின்மூடி இருந்த ஓட்டையைப் பார்த்தார். கையை மெதுவாக வெளியே எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"ஏன்டா நிறுத்துன?" என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் ரத்தத்தைத் துப்பினார்.

"யாருதா இருந்தாலும் கைதானுங்க."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான், பிறகு அந்த ஆலைப் பக்கமே திரும்பவில்லை. இப்போது மிளகுத் தோட்டம் பார்க்கிறார். என்னைக் கண்டால் சிரிப்பார், மேலுதட்டில் தழும்பு கோணும். அவர் மனசு எனக்கு வாய்க்கவில்லை. அந்தத் தழும்பைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் துடைத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.