தலைகீழாக நின்ற எழுத்து

ஸ்ட்ராத்ஃபீல்டில் மரம் வெட்டும் வேலை எனக்கு. செயின்சாவில் சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகட்டை ‘பார்’ என்போம். மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த மலிவான பார் மூன்றே மாதத்தில் தேய்ந்து, மரம் கோணலாக அறுபட்டது. சலித்துப்போய், ஒரே இரும்பில் செய்த கெட்டியான பார் வாங்கினேன். அதிலும் கீழ்விளிம்பு மட்டும் தேய்ந்தது.

என் எரிச்சலுக்கு அகப்பட்டவர், கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து யோகன். திங்கட்கிழமைதோறும் பாரில் உள்ள எழுத்து தலைகீழாகத் தெரியும்படி மாட்டிவைப்பார். நான் திட்டிக்கொண்டே கழற்றி நேராக மாட்டுவேன்.

“ஒழுங்கா மாட்டத் தெரியாதா யோகன்?” என்று அன்றும் கத்தினேன்.

“பிழையா மாட்டேல்லை அண்ணை. ரெண்டு விளிம்பும் சமனாத் தேயட்டும் எண்டுதான் மாத்திப் போடுறனான்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“முதல் நாளே சொன்னனான்.”

சொல்லியிருந்தார். “பாரைப் பிரட்டோணும்” என்றார். அவர்களுக்கு அது திருப்பிப்போடுவது. எங்கள் மதுரையில் பிரட்டுவது கோழிக்கறியைத்தான். “மசாலா போடவா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தேன். அதன்பிறகு அவர் விளக்கவே இல்லை; தன் பாட்டுக்குப் பிரட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நானே பிரட்டுகிறேன். எழுத்து தலைகீழாக நிற்கும் திங்கட்கிழமைகளில், யோகனின் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் கூசுகிறது.