மிச்சம் பிடித்த மாத்திரைகள்

எங்கள் தெருத் தையல்காரி அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பக்கத்துக் கடையில் பைக் பழுது பார்ப்பவன் நான். தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அவள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி உண்டு. மலேரியா மருந்துப் பெட்டி. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்பதால், காய்ச்சலோடு வரும் குழந்தைகளின் விரலில் குத்தி ரத்தம் பார்த்து மாத்திரை கொடுக்க ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளைப் பழக்கியிருந்தார்கள். மூன்று நாள் மாத்திரை. முதல் வேளையைத் தன் கண் முன்னாலேயே விழுங்க வைப்பாள். மீதியை அம்மாக்களிடம் கொடுத்து, "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிறுத்தினே, தொலைச்சுடுவேன்" என்று மிரட்டி அனுப்புவாள். அப்படியும் நிறுத்துவார்கள். மறுநாள் பிள்ளை எழுந்து ஓடினால், மீதியைத் துணியில் முடிந்து வைத்துவிடுவார்கள்.

இந்த மழையில் அவள் நாத்தனார் மகளுக்குக் காய்ச்சல். மாத்திரையில் இறங்கியது. சில வாரம் கழித்து அதே காய்ச்சல், முன்னைவிட மோசமாக. நாத்தனார் கைக்குழந்தையை இடுப்பிலும் மகளைத் தோளிலும் போட்டுக்கொண்டு வந்தாள். அக்கா குடைந்து குடைந்து கேட்டதில், துணி முடிச்சிலிருந்து பாதி மாத்திரை அட்டை வெளியே வந்தது.

அக்கா வெடித்தாள். "அறிவிருக்காடி உனக்கு? பெத்த புள்ள உசுரு வெளையாட்டா?"

நாத்தனாருக்கும் வாய் உண்டு. "போன மழையில என் சின்னவனுக்கு நெருப்பா கொதிச்சப்போ உங்க பெட்டியில என்ன இருந்துச்சு அண்ணி? பஞ்சு. வெறும் பஞ்சு. ஆத்துல வெள்ளம். என் மடியிலயே போனான். இவளுக்குத்தான் எறங்கிடுச்சே, மீதி கைக்குழந்தைக்கு இருக்கட்டும்னு வச்சேன். தப்பா?"

அக்கா பெட்டியைத் திறந்தாள். அன்றும் பஞ்சுதான்.

நல்லவேளை, ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. பிள்ளையை அக்கா மடியில் வைத்துக்கொள்ள, என் பைக்கிலேயே கடந்தோம். வழியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நான் பைக்கை இன்னும் முறுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மருந்து ஏறத் தொடங்கியதும், அக்கா கையோடு கொண்டுவந்த பெட்டியை மருந்துக் கிடங்கு அதிகாரியின் மேஜைமேல் கவிழ்த்தாள். பஞ்சு சிதறியது.

"மேலேருந்து உத்தரவு வரணும்மா."

"மேலேன்னா எங்க சார்? எங்க புள்ளைங்க போற எடமா?"

அவர் முதுகுக்குப் பின்னால் மாத்திரைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கையெழுத்துப் போடுகிறவர் விடுமுறையாம். பாவிகள். அக்கா வாசலை அடைத்து உட்கார்ந்தாள். பெட்டி நிறையாமல் எழுந்திருக்கவில்லை.

பிள்ளை பிழைத்தது. ஊர் திரும்பியதும் அக்கா நாத்தனாரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"பாத்தியா, நெறைய இருக்கு. அந்த மிச்சத்தத் தூக்கிப் போடு."

நாத்தனார் பெட்டியைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை.