நல்ல தண்ணியும் குமரேசனும்

கார் எஞ்சின் சூடேறாம இருக்க ஊத்துற கூலண்ட மாத்துற தொழில்ல கைவேலை கால்வாசிதானுங்க. மிச்சம் முக்கால்வாசி, எஞ்சின் ஆறுற வரைக்கும் அடுத்தவங்க ஊட்டு வாசல்ல உக்காந்திருக்கிறது. சூட்டோட ரேடியேட்டர் மூடியத் திருகினா மூஞ்சி வெந்துபோகும். அதனால உக்காந்துதான் ஆகோணும்.

நாமக்கல்ல எனக்குச் சின்னதா ஒரு ஷெட் இருக்குதுங்க. என்கூட ஒரே பட்டறையில பத்து வருசம் வேலை பார்த்த குமரேசன், டூல்ஸ் பெட்டிய ஸ்கூட்டர்ல கட்டிக்கிட்டு, ஊட்டுக்கே வந்து செஞ்சு தர்றேன்னு ஒரு நாள் கிளம்பிட்டான். சனங்க அவன் பக்கம் சாயவும், நானும் மத்தியானத்தோட ஷெட்டச் சாத்திட்டு ஊடு ஊடாப் போக ஆரம்பிச்சேன். வயித்தெரிச்சல்ல ஆரம்பிச்சதுதானுங்க, ஒளிக்க என்ன இருக்குது. உங்க தொழில்லயும் ஒரு குமரேசன் இருப்பான், பேரு வேணா வேறயா இருக்கும்.

ஊர்ல இருக்கிற அத்தனை வண்டியையும் அவனே பார்த்துக்கட்டும், மல்லிகா டீச்சர் வண்டி மட்டும் என் கைய விட்டுப் போகக்கூடாதுன்னு ஆஞ்சநேயருக்கு வடைமாலையே வேண்டியிருந்தேன். நான் ஷெட் தொறந்த அன்னிக்கு மொத வண்டியா வந்து நின்னது அது. இன்னிக்கும் அவங்க தெருவுல பாதிப் பேரு, டீச்சர் வண்டி பாக்குற ஆளுன்னுதான் என்னைக் கூப்பிடறாங்க.

பணியாரம்

மோகனூர் ரோட்டுல ஒரு முட்டை வியாபாரி ஊடு. அலசறதுக்குத் தண்ணி ஊத்தி எஞ்சினை ஓட விட்டு, ஆறட்டும்னு பானெட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அந்த நேரத்துல பேச வராதுங்க. அந்த வீட்டம்மா ஆடை கட்டின டீ ஒண்ணு கொண்டாந்து வெச்சிட்டு, குமரேசனைத் தெரியுங்களான்னு கேட்டாங்க. போன வருசம் அவன்தான் வந்தானாம். எஞ்சின் ஆறுற நேரத்துல சாஞ்சு கெடந்த மல்லிகைக் கொடியத் தூக்கிக் கட்டிட்டு, புள்ளையோட பரிச்சையப் பத்தி விசாரிச்சிட்டு, சுடச்சுடப் பணியாரம் சாப்பிட்டானாம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவன்தானுங்க, ஸ்பேனர் புடிக்கவே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு எடுத்து உட்டேன். அதுல பாதிதான் நெசம். அந்தம்மா காலி டம்ளர எடுத்துக்கிட்டே சொன்னாங்க: "வேலை எப்படியோ எனக்குத் தெரியாதுங்க, அவரு கிளம்பறப்ப எங்கத்தையே கேட் வரைக்கும் வந்து வழியனுப்புனாங்க."

ரோஸ் கலரு

கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருத்தர், வண்டிப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டார். நான் கேனத் தொறந்ததும் ஏன் ரோஸ் கலரா இருக்குதுன்னு கேட்டார். பக்கத்து ஊட்டுக்காரர் வண்டியில பச்சையா இருக்குதாம். அங்க ஊத்துனது யாருன்னு நான் கேக்கோணுமா என்ன.

ஒவ்வொரு வண்டிக்கும் இன்ன வகைன்னு வண்டியோட குடுக்கிற புஸ்தகத்துலயே போட்டிருக்குமுங்க, ரெண்டையும் கலந்தா உள்ளுக்குள்ள கூழாட்டம் ஆயிருமுங்கன்னு தொண்டை காயச் சொன்னேன். புஸ்தகத்தை வாங்கி அவரே படிச்சார். தலைய ஆட்டுனார். ஜெயிச்சிட்டண்டான்னு நெனச்சுக்கிட்டு வேலைய முடிச்சேன். எட்டிப் பார்த்துட்டு மனுசன் சொல்றார்: "நீங்க சொல்றது சரிங்க, ஆனா அந்தப் பச்சையப் பார்த்தா வண்டி குளுகுளுன்னு இருக்கும்னு தோணுது, இதைப் பார்த்தா ரோஸ்மில்க் கடையாட்டம் இருக்குது."

எல்லாமே ஆயில்

நம்ம பக்கம் வண்டிக்குள்ள எதை ஊத்துனாலும் அதுக்கு ஆயில்னுதானுங்க பேரு. கூலண்டுகூட கூலண்ட் ஆயில்தான். பரமத்தி வேலூர்ல வாழை போட்டிருக்கிற என் மச்சினன், கூலண்ட் கொறைஞ்சிருக்குதுன்னு கடையில ஆயில்னு கேட்டு வாங்கி, எஞ்சின் ஆயிலக் கூலண்ட் டப்பாவுல நெறைய ஊத்திட்டான்.

ஊத்துனவன் எனக்குப் போன் பண்ணலீங்க. குமரேசனுக்குப் பண்ணியிருக்கான். அவனும் அவ்வளவு தூரம் ஸ்கூட்டர்ல போயி, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணிய விட்டு நாலு தடவை அலசி, அரை நாள் உக்காந்து சுத்தம் பண்ணிக் குடுத்திருக்கான். ஊர்ல ஒருத்தருக்கும் மூச்சு விடலை. ஆறு மாசம் கழிச்சு ஒரு கறி விருந்துல மச்சினன் வாய் தவறித்தான் எனக்கே தெரிஞ்சுது. உன் சொந்தத் தம்பிக்கு அக்கா புருசன் ஆகலையான்னு ஊட்டுக்கு வந்து சம்சாரத்துகிட்டக் குதிச்சேன். அவ துணி மடிச்சுக்கிட்டே சொன்னா: "நீங்க பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பீங்கன்னுதான் கூப்பிடலையாமா."

நல்ல தண்ணி

இப்பத்தான் டீச்சர் வண்டிக்கு வாரேன். போன வருசம் நான் கல்யாணத்துக்கு எடப்பாடி போயிருந்தப்ப டீச்சர் போன் பண்ணாங்க. கூலண்ட் மாத்தோணும், ரெண்டு நாள்ல பழனி போறோம், நீ வெளியூர்னா குமரேசனைக் கூப்பிட்டுக்கட்டுமான்னாங்க. எனக்கு வாயில இருந்த லட்டு இறங்கலை. எதுக்குங்க டீச்சர், நீங்களே பண்ணிக்கலாம், சுளுவுதான்னு போன்லயே பாடம் எடுத்தேன். ஆறுன பொறவு பழசை எறக்குங்க, அலசுங்க, கடைசியாப் பாதி கூலண்டும் பாதி நல்ல தண்ணியும் கலந்து ஊத்துங்கன்னேன்.

என் ஷெட்டுல நல்ல தண்ணின்னா பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணி, தனிக் கேன்ல இருக்கும். ஆனா நம்மூர்ல ஊட்டுக்கு ரெண்டு கொழாய்ங்க. போர்ல வர்றது உப்புத் தண்ணி, காவேரியில வர்றது நல்ல தண்ணி. டீச்சர் குடிக்கப் புடிச்சு வெச்ச காவேரித் தண்ணிய, துணியில வடிகட்டி, பக்தியா ஊத்தியிருக்காங்க. குடிக்க நல்லதுதானுங்க, ஆனா எஞ்சினுக்குள்ள அதுவும் துருப்புடிக்க வெச்சிரும்.

ஏழு மாசம் கழிச்சு ஒரு நாள் சந்தைக்குப் போயிட்டு வர்றப்ப சூடு காட்டுற முள்ளு மேல ஏறிருச்சு. எப்படியோ ஊடு வந்து சேர்ந்துட்டாங்க. எனக்கு நாலு தடவை போன் பண்ணியிருக்காங்க, நான் வண்டிக்கடியில படுத்துக் கெடந்தேன். அப்புறம் பதறி அடிச்சுக்கிட்டுப் போயி நின்னா, வாசல்ல அந்த ஸ்கூட்டர். பானெட் தொறந்திருக்குது, குமரேசன் உக்காந்து டீச்சரோட சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கான். டப்பாவுல தண்ணி துருவேறி, செம்மண் கரைச்சாப்ல நிக்குது.

நீ சொன்ன மாதிரியே நல்ல தண்ணிதான் ஊத்துனேன்னு டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னாங்க. நான் சொன்னதுதான் தப்புன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கோட அந்தத் தெருவே எனக்கு இல்லை. குமரேசன் எந்திரிச்சு, நாங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லிப் பழகிட்டமுங்க டீச்சர், பேட்டரித் தண்ணின்னு வெவரமாச் சொல்லோணும்னு தன்னையும் சேர்த்துக்கிட்டான். "இது சேகரண்ணன் வண்டிங்க, அவரே பாக்கட்டும்"னு சொல்லிட்டு ஸ்கூட்டர் சாவிய எடுத்தான்.

வண்டி என் கைக்கே வந்துருச்சு. அவன் குடுத்து வந்துச்சுங்கிறதுதான் தாங்கலை. என் தப்புதானுங்க டீச்சர்னு ஒப்புக்கிட்டு மூடியத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் கொதிச்சுது. அப்ப டீச்சர் சொன்னாங்க: "சேகரு, குமரேசனை இருக்கச் சொல்லு சாமி, வண்டி ஆறுற வரைக்கும் பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு வேணுமல்ல."

எந்த எஞ்சினா இருந்தாலும் முக்கால் மணி நேரத்துல ஆறிருதுங்க, என் வயித்தெரிச்சல் மூடியத்தான் இன்னும் தொட முடியலை.