பெயர் போடாத தாள்

அக்கா இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் எழுதியவள். அவை விற்கவில்லை. அதன் பிறகுதான், அலுவலகங்களில் யாரையும் ஒதுக்காமல் பழகுவதற்குப் பயிற்சி தரும் நிறுவனத்தை ஆரம்பித்தாள். நிறுவனம் என்றால் அவளும் நானும், எங்கள் சாப்பாட்டு மேஜையும். மற்ற பயிற்சியாளர்கள் திரையில் சிரித்த முகங்களைக் காட்டி, விதிகளை வாசித்துவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு அது ஆகாது. ஊழியர்கள் தாங்கள் ஒதுக்கப்பட்ட விதத்தைப் பெயர் போடாமல் எழுதித் தர வேண்டும். கையெழுத்து தெரியக்கூடாது என்பதற்காக நான் தட்டச்சு செய்துவிடுவேன். பிறகு அக்கா எல்லோர் முன்னாலும் கதை போல வாசிப்பாள்.

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் ஏழாவது தாளை எடுத்தாள். "நான் பேச ஆரம்பித்தால், மீதியை மற்றவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள்."

இருபது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அங்கே திக்கிப் பேசுபவர் ஒருவர்தான். வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் மூன்றாம் எண் கவுண்டரில் இருந்தார். ஆறு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிய இடம்.

"அட, நீதானாப்பா அது! வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார் காசாளர். எல்லோரும் சிரித்தார்கள். பிரியமான சிரிப்புதான்.

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் கஷ்டம் இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே தம்பி. நாளையிலருந்து கவுண்டர் வேணாம். கீழ்த்தளத்துல ஃபைல் ரூம் இருக்கு. அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல."

திக்கிப் பேசுபவர் பதறி எழுந்து பேச வாயெடுத்தார்.

"தேங்க்ஸெல்லாம் எதுக்குப்பா," என்றார் மேலாளர்.

அக்கா மேலாளரின் அறைக்குப் போய் மன்றாடினாள். "சார், அவர் அதைக் கேக்கல. பேசி முடிக்க விடுங்கன்னுதான் எழுதியிருக்கார்."

"மேடம், உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. ஒரு துரும்பு அசையல. நீங்க ஒரே நாள்ல மாத்திக் காட்டிட்டீங்க. மத்த கிளைகளுக்கும் உங்களத்தான் சொல்லப்போறேன்."

ஒரு வாரம் கழித்து, திக்கிப் பேசுபவரை மறுபடி கவுண்டருக்கே மாற்றக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அக்கா எழுதிய கடிதத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கக் கீழ்த்தளத்துக்குப் போனோம். கூரைவரை ஃபைல்கள், நடுவில் ஒரு நாற்காலி. கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வே... வேணாம் மேடம். இன்னொரு த... தடவை என்னைப் பத்தி எழுதாதீங்க. இதுக்குக் கீ... கீழ வேற மாடி இல்ல."

மற்ற கிளைகள் அழைத்தபோது, நிறுவனத்தை மூடிவிட்டதாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூன்றாம் எண் கவுண்டரில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நன்றாகப் பேசுகிறாராம்.