காணாமல் போன ராணி

என் மனைவி ஒரு சரித்திர நாவல் படித்து வந்தாள். காதலும் மந்திரமும் நிறைந்த கதை, நடுவில் ஒரு ராணி காணாமல் போகிறாள். பறித்த கொழுந்தை ஏற்ற லோரி வரும்வரை, தேயிலை மலையில் தன்னோடு வேலை செய்யும் பெண்களுக்கு அதைச் சொல்வாள். நாவலைப் படித்து முடிக்கும் முன்பே அவள் இறந்துபோனாள்.

கருமக்கிரியை அன்று அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, அந்த ராணி திரும்பி வந்தாளா? அக்கா சொல்லி முடிக்கல."

சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று எரிச்சல் வந்தது.

பிறகு நாவலைப் படித்தேன். காணாமல் போன சில பக்கங்களிலேயே ராணி செத்துப்போகிறாள். என் மனைவி அடையாளத்துக்கு மடித்து வைத்திருந்த பக்கம் அதைத் தாண்டி வெகு தூரத்தில் இருந்தது. அந்தச் சாவை அவள் மலையில் யாரிடமும் சொல்லவே இல்லை.

அந்தப் பெண் மறுபடி கேட்டபோது, "வர்ற வழி தூரம்லா," என்றேன். "வந்துக்கிட்டிருக்கா."