பறந்தா அம்பது நிமிசம்

அவனியாபுரம் விருமாண்டிக்கு எவனும் வழி சொல்ல வேண்டியதில்லை. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, லாரியில் கிளீனராய்த் தொற்றி, இன்றைக்குச் சொந்தமாக மூன்று லோடு வண்டி வைத்திருக்கிறார் என்றால் அது யார் போட்ட பிச்சையும் இல்லை. தெற்கே அவர் டயர் படாத ரோடு கிடையாது. வடக்கே திம்பம் மலையைத்தான் தாண்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுசனை ஒரு செல்போன் மடக்கிப் போட்டது.

மகள் கனகாவைத் திருமங்கலத்து நல்லகாமன் தன் மகன் தமிழ்மாறனுக்குக் கேட்டு வந்தார். பையனுக்கு மைசூரில் வேலை. கனகாவுக்குப் பிடித்துப்போயிற்று. விருமாண்டிக்குத்தான் தூரம் இடித்தது. காலையில் சேதி வந்தால் பொழுது சாயுமுன் மகள் வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்கு மேல் தூரமென்றால் பெண் கொடுப்பதில்லை என்று ஊரறியச் சொல்லியிருந்தார்.

நல்லகாமன் செல்போனை நீட்டினார். “மைசூரு என்ன சீமையிலயா இருக்கு மாப்ள? இந்தா, மதுரை ஏர்போர்ட்டு, மைசூரு ஏர்போர்ட்டு. முந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டரு. பறக்குற நேரம் அம்பது நிமிசம். பெரியாஸ்பத்திரியில சீட்டு வாங்குற நேரம்யா!”

“ரோட்டுல நானூறுக்கு மேலங்குறாய்ங்க. மிச்ச நூறு எங்கய்யா போச்சு?”

“அத ஏரோப்ளேனத்தான் கேக்கணும்.”

அன்றிலிருந்து தலைக்கு மேல் விமானம் போனால் போதும், விருமாண்டி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். ஆகாசத்தில் மைல்கல் நட்டவன் யார்? சங்கிலி பிடித்து அளந்தவன் எவன்?

கனகா தையல் நூலை எடுத்து, வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். “ரோடு ஊரச் சுத்தி, மலையச் சுத்திப் போகுதுப்பா. இது நூல் பிடிச்ச தூரம்.”

“அட, வளைவே இல்லாத ரோடா!”

அந்த ரோட்டைப் பார்த்துவிடும் ஆசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விட்டார்.

“மைசூருக்கு இங்க இருந்து நேரா விமானம் இல்லீங்க ஐயா. வேற ஊர் போய் மாறணும்” என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

“அம்பது நிமிசம்னு போட்டிருக்கே தாயி?”

“அது பறந்தா ஆகுற நேரம்.”

“பறந்தாவா! அத்தைக்கு மீசை மொளச்சா சித்தப்பாங்குற கதையால்ல இருக்கு!”

சேதி கேட்ட கனகா வரைபடத்தை மடித்து வைத்துவிட்டாள். அதுதான் அவரைக் குத்தியது.

“எவனோ பறக்காமலே கணக்குப் போட்டிருக்கான். நான் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் விடியுமுன் தன் லோடு வண்டியில், பால்வண்டிகளோடு வண்டியாகக் கிளம்பினார். திம்பம் மலையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், காணாமல்போன அந்த நூறு கிலோமீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் சிக்கியது. மைசூரில் தமிழ்மாறன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியபோது வெயில் இன்னும் மாடிச் சுவரில் நின்றது.

வீட்டுக்காரி பாண்டீஸ்வரி போன் போட்டாள். “போய்ச் சேந்துட்டீகளா? எம்புட்டு தூரங்க?”

“மூணு டீ, ஒரு சாப்பாடு.”

“அம்புட்டுத்தானா?”

“நான் ஓட்டுனா அம்புட்டுத்தான். அடுத்தவன் ஓட்டுனா இன்னும் ரெண்டு டீ கூட ஆகும். நல்லகாமனத் தேதி பாக்கச் சொல்லு.”

“அத நீங்களே அவகிட்டச் சொல்லுங்க” என்று பாண்டீஸ்வரி சொல்லி முடிக்கவில்லை, போன் கனகா கைக்குப் போயிருந்தது.