அத்தான் மாற்றாத கரண்ட் பில்

என் அத்தான் றெஜினோல்ட், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஓட்டினார். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, யாருடைய கரண்ட் பில்லையாவது வாங்கிப் பார்ப்பார். போனிலேயே மலிவான கம்பனிக்கு மாற்றிக் கொடுப்பார். மாதாமாதம் வங்கியிலிருந்து நேரே கழியவிட்டால் இன்னும் மலிவு என்றும் சொல்லுவார்.

தன் வீட்டுப் பில்லை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனையில் பில் காசும் வாங்கும் கொட்வினின் கடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் காசாகவே கட்டினார்.

“ஊருக்கெல்லாம் மாத்திக் குடுக்கிறியள். எங்கட வீடு மட்டும் என்ன பாவம் செய்தது?” என்பாள் பெர்னடெற் அக்கா.

“இஞ்சாரும், வாற மாதம் பாப்பம்.”

போன மாரிக் குளிரில் பில் ஏறிவிட்டது. அத்தான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, அக்காவே கடைக்குப் போனாள். கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது.

“அண்ணை வரேல்லையோ, அக்கா? மனிசி போனாப்பிறகு அவரோட கதைக்கிறதுதான் எனக்கு ஆறுதல்” என்றார் கொட்வின்.

வீட்டுக்கு வந்த அக்கா, “இண்டைக்கே பாங்குக்கு மாத்துங்கோ. கதைக்கப் போறதுக்கு பில் என்னத்துக்கு?” என்றாள்.

அத்தான் வெட்கத்துடன் சிரித்தார். “சும்மா போனா, பாவம் பாத்து வாறன் எண்டெல்லோ நினைப்பான்.”

“அப்ப பால் வாங்குங்கோ.”

அன்றே மாற்றினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் பாலோடு வீடு திரும்பினார்.

அத்தானை அடக்கம் செய்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். கொட்வின் பால் போத்தலுடன் நின்றார். அக்கா கதிரையை இழுத்துப் போட்டாள்.